இயற்பியல் ஆய்வக அறிக்கையை எப்படி எழுதுவது?

கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருப்பதாகவும், பள்ளியில் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியே பழகிவிட்டதால் சொந்தமாக அறிக்கை எழுத வரவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தனி ஊசலை வைத்தே சொல்கிறேன். நூலில் தொங்கும் குண்டை அலையவிட்டு ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டறியும், ஏறக்குறைய எல்லோரும் செய்து பார்த்த சோதனை அது.

நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு இவற்றுக்கெல்லாம் அதிகம் மெனக்கெட வேண்டாம். செய்முறையை மட்டும் கையேட்டிலிருந்து பெயர்த்து எழுதாதீர்கள். ‘குண்டை அலையவிட வேண்டும்’ என்பது கையேட்டின் வாக்கியம். ‘குண்டைச் சுமார் ஐந்து டிகிரி விலக்கி விட்டேன்’ என்பது உங்கள் வாக்கியம். அந்த ஐந்து டிகிரிக்கு மதிப்பு உண்டு. முப்பது டிகிரி விலக்கியிருந்தால் அலைவு நேரம், அதாவது குண்டு ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம், 1.7 சதவீதம் கூடிவிடும். ஈர்ப்பு முடுக்கம் 3 சதவீதத்துக்கு மேல் குறைவாக வரும்.

அளவீடுகளை நேராக நோட்டில், பேனாவால் எழுதுங்கள். தவறிவிட்டால் ஒரே கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முதலாண்டில் நீளத்துக்கும் அலைவு நேரத்தின் இருமடிக்கும் வரைபடம் போட்டேன். ஒவ்வொரு நீளத்துக்கும் ஐம்பது அலைவுகள் எண்ணியிருந்ததால் புள்ளிகள் ஒரே கோட்டில் அழகாக விழுந்தன. ஆனால் அந்தக் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை. நீள அச்சை ஒரு சென்டிமீட்டர் இடப்புறம் தள்ளி வெட்டியது. புத்தகப் படத்தில் கோடு ஆதிப்புள்ளி வழியாகத்தானே போகிறது என்று அதை அழித்துவிட்டு, வேறு கோடு இழுத்தேன். ஆசிரியை தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். அழித்த பென்சில் தடம் தெரிந்தது. “அழித்தாயே, அதுதான் சரியான கோடு” என்றார். பிறகு வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்துக் குண்டை அளக்கச் சொன்னார். விட்டம் 2.2 சென்டிமீட்டர். ஊசலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை எடுக்க வேண்டும். நான் நூலின் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, குண்டின் ஆரமான 1.1 சென்டிமீட்டரைச் சேர்க்காமல் விட்டிருந்தேன். என் கவனக்குறைவை அந்தக் கோடு அளந்தே காட்டியிருந்தது. ஈர்ப்பு முடுக்கத்தைத் தரும் சாய்வோ துளியும் கெடவில்லை. அதை நான்தான் அழித்தேன்.

இப்போது பிழைகள் பகுதி. ‘காற்றின் தடை, மனிதத் தவறு’ என்று எழுதி நிறுத்திக்கொள்வது எதையும் சொல்லாததற்குச் சமம். எது எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். நீளம் 100 சென்டிமீட்டர், அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் என்றால் பிழை 0.1 சதவீதம். ஸ்டாப்வாட்சை அழுத்தும் விரல் 0.2 விநாடி முந்தவோ பிந்தவோ செய்யும். ஒரே அலைவை அளந்தால், இரண்டு விநாடியில் அது 10 சதவீதம். இருபது அலைவுகளை அளந்தால் நாற்பது விநாடியில் 0.5 சதவீதம்தான். வாய்பாட்டில் (g = 4π²L/T²) அலைவு நேரம் T இருமடியாக வருவதால் அது 1 சதவீதமாகிறது. ஆகவே உங்கள் எதிரி விரல்தான், அளவுகோல் அல்ல. இருபது அலைவுகள் எண்ணச் சொல்வது ஏன் என்பதும் இதிலேயே விளங்கிவிடும்.

இருபது அலைவுகளுக்கு 40.2 விநாடி ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஈர்ப்பு முடுக்கத்தைக் கால்குலேட்டர் 9.77164 என்று காட்டும். அதை அப்படியே எழுதாதீர்கள். ஒரு சதவீதப் பிழை என்றால் ஏறக்குறைய 0.1. ஆகவே முடிவு 9.8 ± 0.1 மீ/வி². அதற்குப் பின்னால் உள்ள இலக்கங்களை உங்கள் ஊசல் சொல்லவில்லை.

9.8 வரவில்லையே என்று அளவீட்டைத் திருத்துவோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. 9.80665 என்பது உலகம் முழுவதற்கும் பொதுவாக வைத்துக்கொண்ட மதிப்பு. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க ஈர்ப்பு முடுக்கம் குறையும். சென்னையில் அது ஏறக்குறைய 9.78. இந்த வேறுபாட்டை அறியத்தான் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் சென்னை வானாய்வகத்தில் ஊசலை ஆட்டி அளந்தார். அவருடைய அளவீடுகள் 1822இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. நீங்கள் ஐம்பது, நூறு அலைவுகள் எண்ணிப் பிழையைக் குறைத்து 9.78 பக்கம் வந்து நின்றால், அதை 9.8 ஆக்கிவிடாமல், எந்த ஊரில் அளந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.