குடியை நிறுத்த நினைக்கும் அண்ணனுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் உதவிக் குழுவை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒரு எச்சரிக்கை. உங்கள் அண்ணன் தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் திடீரென நிறுத்த விடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம்; உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டிவிட்டு, அவர்கள் சொல்கிறபடி நிறுத்தட்டும். பக்கத்தில் எந்தக் குழு நடக்கிறது என்று அங்கேயே கேளுங்கள், பெரும்பாலும் தெரிந்திருக்கும். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மத்திய அரசின் 14446 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம்.

தமிழ்நாட்டில் எளிதாகக் கிடைப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ.; குடியை விட விரும்புகிறவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் குழு. 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது. கூட்டம் பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ மாலையில் நடக்கும். சர்ச்சில் நடந்தாலும் அது எந்த மதத்தையும் சேர்ந்தது இல்லை. கட்டணம் கிடையாது. முழுப்பெயர், வேலை, சாதி எதுவும் கேட்க மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரையும் சொல்வதில்லை. அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருந்தாலும் போதும்.

நீங்களும் கூடப் போவதென்றால் 'திறந்த கூட்டம்' எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். மற்றவை குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல் குழு ஒத்துவராவிட்டால் வேறு குழுவுக்குப் போய்ப் பாருங்கள், ஆட்களைப் பொறுத்து ரொம்பவே மாறும்.

அண்ணிக்கு அல்-அனான் என்று குடும்பத்தாருக்கான கூட்டம் தனியாக உண்டு. அண்ணன் வர மறுத்தாலும் அண்ணி போகலாம்.