சிட்டியில் வரி அதிகம் என்று புறநகரில் வீடு வாங்கலாமா?

கேள்வி: மூன்று தலைமுறையாக நாங்கள் பெங்களூர்தான். இப்போது அல்சூரில் வாடகைக்கு இருக்கிறோம். சொந்தமாக வாங்க இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, சோமேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்தில் 1,000 சதுர அடி பழைய ஃபிளாட். 1 கோடியே 5 லட்சம் கேட்கிறார்கள். அதில் இப்போது ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, ஆனால் வரி ரசீதில் உரிமையாளரே குடியிருப்பதாகப் போட்டிருக்கிறது. இன்னொன்று, சந்தாபுரா தாண்டி அத்திபெலே போகும் வழியில், கிராமப் பஞ்சாயத்து எல்லையில் புது ஃபிளாட், 58 லட்சம். “சிட்டியில் வரி கட்டியே மாளாது சார், இங்கே வருஷத்துக்குச் சில நூறுதான்” என்கிறார் புரோக்கர். வரியை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அல்சூரை விட்டு வர மனைவிக்கு மனசில்லை. அந்தப் புது ஃபிளாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை 2 லட்சம் டோக்கன் கேட்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: ஞாயிற்றுக்கிழமை டோக்கன் கொடுக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

முதலில் வரிக் கணக்கைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்கள் பயம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. பெங்களூர் மாநகராட்சி எல்லையில் 2008 முதல் சுயமதிப்பீட்டு முறையில், சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒரு மதிப்பு வைத்து வரி போடுகிறார்கள். நகரத்தை ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். கணக்கு புரிவதற்காக உங்கள் தெருவுக்கு மாதம் சதுர அடிக்கு 2.50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடிக்கு 2,500. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம் அல்ல, பத்து மாதம்தான் கணக்கு, ஆக 25,000. அதில் 20 சதவீதம் வரி, 5,000 ரூபாய். வரியின் மேல் 24 சதவீதம் செஸ், 1,200. மொத்தம் 6,200. ஏப்ரல் 30க்குள் முழுசாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. பழைய கட்டடம் என்பதால் தேய்மானக் கழிவு வேறு உண்டு, அதை நான் சேர்க்கவே இல்லை. கார் நிறுத்துமிடத்துக்குத் தனியாகக் கொஞ்சம் வரும். 2025 ஏப்ரல் முதல் குப்பைக் கட்டணமும் வரியோடு சேர்ந்து வருகிறது. 601 முதல் 1,000 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு மாதம் 50 ரூபாய், வருஷத்துக்கு 600.

ஆக, கட்டியே மாளாது என்று சொன்ன வரி, மாதக் கணக்கில் பார்த்தால் அறுநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. பிள்ளையின் டியூஷனுக்கு இதைவிட அதிகம் கொடுப்பீர்கள்.

இதையே வீட்டு விலையோடு வைத்துப் பாருங்கள். இரண்டு வீட்டுக்கும் விலை வித்தியாசம் 47 லட்சம். அதைக் கடனாக வாங்கினால், 8.5 சதவீதத்தில் முதல் வருஷ வட்டி மட்டும் ஏறக்குறைய 4 லட்சம். பதிவுச் செலவும் இருக்கிறது. கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேல் முத்திரைத்தாள் கட்டணம் 5 சதவீதம், அதன் மேல் செஸ், சர்சார்ஜ், பிறகு பதிவுக் கட்டணம். இந்தப் பதிவுக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்த்திவிட்டார்கள். எல்லாம் சேர்த்து நகரத்தில் 7.6 சதவீதம். அல்சூர் வீட்டுக்கு ஏறக்குறைய 8 லட்சம், சந்தாபுரா பக்கத்து ஃபிளாட்டுக்கு 4.4 லட்சம். இந்த ஒரு நாள் செலவின் வித்தியாசத்தில் அல்சூர் ஃபிளாட்டுக்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் வரி கட்டிவிடலாம். புறநகர் வீடு மலிவு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது மலிவாக இருப்பதற்குக் காரணம் வரி இல்லை. வரியைச் சொல்லி உங்களை அங்கே தள்ளுகிறவர், நீங்கள் பார்க்க வேண்டிய வேறொன்றை மறைக்கிறார் என்பதுதான் என் கவலை.

பஞ்சாயத்தில் வரி குறைவு என்பதும் இன்றைக்கு உண்மை, என்றைக்கும் உண்மையில்லை. 2007இல் ஏழு நகரசபைகளையும் கெங்கேரி புரசபையையும் 110 கிராமங்களையும் சேர்த்துத்தான் பிபிஎம்பி என்ற பெருநகர மாநகராட்சி உண்டாயிற்று. கிருஷ்ணராஜபுரம், மகாதேவபுரா, பொம்மனஹள்ளி, எலகங்கா எல்லாம் அதுவரை ‘வெளியே’தான் இருந்தன. அங்கே வீடு வாங்கியவர்களுக்கு மாநகராட்சி வரி வந்துவிட்டது. அந்த 110 கிராமங்களுக்கென்று காவிரி ஐந்தாம் கட்டத் தண்ணீர்த் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது எப்போது? 2024 அக்டோபரில். இடையில் பதினேழு வருஷம். டேங்கர் லாரிக்கு அவர்கள் கொடுத்த பணத்தை எந்த வரி ரசீதிலும் பார்க்க முடியாது. நீங்கள் பார்த்த இடத்திலும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, போர்வெல்லா, டேங்கரா என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள், விற்கிறவரிடம் வேண்டாம். பொம்மசந்திரா வரை மெட்ரோ 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது. அந்தப் பக்கமெல்லாம் ஊர் வளரும், வளர வளர வரியும் ஏறும்.

இனி அந்த 58 லட்சம் ஃபிளாட்டுக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அம்மா வந்தார், ஸ்ரீராமபுரத்துக்காரர். மஞ்சள் பையிலிருந்து ஒரு கட்டு ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தார். பதினோரு வருஷத்துப் பஞ்சாயத்து வரி ரசீது. ஒன்றுகூடத் தவறவில்லை, வருஷ வாரியாக நூல் கோத்துக் கட்டியிருந்தார். “வரி கட்டிட்டே வந்திருக்கேன் சார், வீடு என்னுதுதானே?” என்றார். விற்கப் போன இடத்தில்தான் சிக்கல் தெரிந்திருக்கிறது: நிலம் விவசாய நிலத்திலிருந்து மாற்றப்படவே இல்லை. அந்த ரசீதுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே அவருக்கு அதைச் சொன்ன நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. வரி ரசீதோ, வரி வாங்குவதற்காகச் சொத்தை உரிமையாளர் பெயரில் பதிந்து வைக்கும் காதாவோ உரிமைப் பத்திரம் ஆகாது. வருவாய்ப் பதிவேட்டில் பெயர் ஏறுவதால் உரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வரியை யார் கொண்டுவந்து கட்டினாலும் வாங்கிக்கொள்வார்கள்.

அதனால் புரோக்கரிடம் வரி எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்தச் சொத்து எந்த ஏட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். கிராமப் பஞ்சாயத்துச் சொத்துக்கு இ-ஸ்வத்து மென்பொருளில் படிவம் 9, படிவம் 11 இரண்டும் வர வேண்டும். கையில் கொடுப்பது 11பி என்றால் நின்றுவிடுங்கள். முறையான நில மாற்றமும் லேஅவுட் அனுமதியும் இல்லாத சொத்துக்குக் கொடுப்பது அது. மாநகராட்சியில் பி காதா என்கிறோமே, கிட்டத்தட்ட அதன் பங்காளி. வரி வாங்குவார்கள், அதற்காக முறைப்படி வந்த சொத்து என்று யாரும் சான்று கொடுத்ததாக ஆகாது.

அடுத்து, கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுத்தது யார்? அது ஆனேக்கல் பிளானிங் அத்தாரிட்டி எல்லைக்குள் வரும் இடமா என்று பார்த்து, அங்கே கிடைத்த அனுமதி நகலைக் கேளுங்கள். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளை வைத்துக்கொண்டு நாலு மாடி எழுப்பிய கட்டடங்கள் அந்த வழியில் உண்டு. நில மாற்ற உத்தரவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஓசி என்று சொல்கிற, கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ் வேண்டும். “ஓசி வந்துடும் சார்” என்ற பேச்சை ஏற்காதீர்கள். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், ஓசி இல்லாத கட்டடத்துக்கு மின்சாரம், தண்ணீர் இணைப்பு கொடுக்கக் கூடாது, வங்கிகளும் ஓசியைச் சரிபார்த்த பிறகே கடன் கொடுக்க வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பிறகு மின் இணைப்பு கிடைக்காமல் கர்நாடகத்தில் எத்தனையோ பேர் தவித்தார்கள். எட்டு ஃபிளாட்டுக்கு மேல் இருந்தாலோ, நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ கர்நாடக ரேராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு இருக்க வேண்டும். ரேரா தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். ரேரா சட்டப்படி விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்குவதானால் முதலில் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். 2 லட்சம் அந்த வரம்புக்குள்தான் வருகிறது. ஆனாலும் காகிதம் பார்க்காமல் கொடுக்கிற டோக்கன் திரும்பி வருவதை நான் அதிகம் கண்டதில்லை. இன்னொன்று, ஓசி வருவதற்கு முன்பே பில்டர் விற்றால் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி சேரும். 58 லட்சத்தின் மேல் அது 2 லட்சத்து 90 ஆயிரம். விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டீர்களா?

அல்சூர் ஃபிளாட்டில் சிக்கல் வேறு மாதிரி. அது கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருக்கிறது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு, சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப்போல இரண்டு மடங்கு மதிப்பு போடுகிறது மாநகராட்சி. 2008 அட்டவணையில் ஏ மண்டலத்தில் சொந்தக் குடியிருப்புக்கு 2.50 என்றால் வாடகைக்கு 5 ரூபாய். ஆக, வாடகைக்கு விட்ட வருஷமெல்லாம் உரிமையாளர் பாதி வரிதான் கட்டியிருக்கிறார். இது தெரியவந்தால் வித்தியாசத் தொகை, அபராதம், வட்டி எல்லாம் சேர்த்து நோட்டீஸ் வரும். வருகிற அன்றைக்குக் கதவைத் திறப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

சட்டம் உங்கள் பக்கம் இல்லையா? ஓரளவு இருக்கிறது. சொத்து மாற்றச் சட்டம் 55ஆம் பிரிவின்படி, விற்பனைத் தேதி வரைக்குமான அரசு வரிகளை விற்பவர்தான் கட்ட வேண்டும். வரி பாக்கிக்காகச் சொத்தின் மேல் ஏற்படும் பொறுப்பு, அந்தப் பாக்கி பற்றித் தெரியாமல் நல்லெண்ணத்தோடு விலை கொடுத்து வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது, வேறு சட்டம் வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய, என்று 1971இல் அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதில் ‘தெரியாமல்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ரசீதைப் பார்த்தீர்கள், வாடகைக்கு இருப்பவரைப் பார்த்தீர்கள், எனக்கு எழுதியும் விட்டீர்கள். இனி தெரியாமல் வாங்கினேன் என்று எந்த நீதிபதி முன்னாலும் நீங்கள் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

அதனால் இதை இப்போதே சரிசெய்து வாங்குங்கள். ரசீதை மறுபடி எடுத்து மூன்று இடத்தைப் பாருங்கள்: பரப்பளவு, கட்டிய வருஷம், பயன்பாடு. 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 720 என்று எழுதி வரி கட்டியவர்களையும் பார்த்திருக்கிறேன். தவறு இருந்தால் விற்பவரே திருத்திய கணக்குக் கொடுத்து, வித்தியாசத்தைக் கட்டி, ரசீதை உங்களிடம் காட்டட்டும். விற்பனைத் தேதிக்கு முந்தைய காலத்துக்கு எப்போது என்ன கேட்பு வந்தாலும் தானே பொறுப்பு என்று பத்திரத்தில் எழுதிக் கொடுக்கட்டும். மறுத்தால், வரக்கூடிய தொகையைக் கணக்கிட்டு விலையில் பிடித்து வையுங்கள். வாடகைக்காரர் பத்திரப் பதிவுக்கு முன்பே காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் பதிவான மறுநாள் அவருக்கு நீங்கள்தான் வீட்டுக்காரர்.

2024 அக்டோபர் முதல் பெங்களூரில் இ-காதா இல்லாமல் விற்பனைப் பத்திரம் பதிவாவதில்லை. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி போய் ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. ஆகவே இ-காதா இப்போது எந்த மாநகராட்சியின் பெயரில் இருக்கிறது, ஏ ஏட்டிலா பி ஏட்டிலா, இன்றைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஃபிளாட்டில் காதா பில்டர் பெயரிலேயே தூங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. முப்பது வருஷத்து வில்லங்கச் சான்றிதழை எடுத்து, தாய்ப் பத்திரத்திலிருந்து வரிசையாக ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இரண்டு வீடும் 50 லட்சத்துக்கு மேல் என்பதால், விலையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்டுவது வாங்குகிறவராகிய உங்கள் கடமை. பலர் இதை மறந்து பிறகு வட்டியோடு கட்டுகிறார்கள்.

என்னைக் கேட்டால், 58 லட்சம்தான் உங்கள் சக்தி என்றால் புறநகரிலேயே வாங்குங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஆனால் ஓசியும் படிவம் 9, 11உம் உள்ள வேறு கட்டடத்தைத் தேடியாவது வாங்குங்கள். அல்சூர் வீட்டுக்குக் கடன் கட்டுப்படியாகும் என்றால், வருஷம் ஆறாயிரம் ரூபாய்க்குப் பயந்து அதை விடாதீர்கள். அம்மணி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சனிக்கிழமையே புரோக்கருக்கு போன் செய்து, ஓசி, நில மாற்ற உத்தரவு, படிவம் 11, பிளான் அனுமதி நான்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அல்சூர் உரிமையாளரிடம் இ-காதாவும் கடைசி ஐந்து வருஷத்து வரி ரசீதும் கேளுங்கள். யார் எதை அனுப்பினார்கள், எதை அனுப்பாமல் பேச்சை மாற்றினார்கள் என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் என்ன வாசகம் போட வேண்டும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.