வீட்டில் ஈக்கான் பாக்கார், அதாவது மலாய்க்காரர்களின் சுட்ட மீன், சுட்டால் வெளியே கருகி, உள்ளே வேகாமல் போகிறதே, ஏன்?

கெச்சாப் மானிஸை, அந்த இனிப்பு சோயா சாஸை, முதலிலேயே மீன்மேல் பூசியிருப்பீர்கள். நீங்கள் சொல்லாவிட்டாலும் தெரிகிறது. அதையே செய்து மாமனார் முன்னால் மானம் போனவன் நான்.

எங்கள் வீடு மலேசியாவில், மலாக்காவில். ஈப்போவிலிருந்து வந்த மாமனார் வீட்டாரை உம்பாயில் இருக்கும் சுட்ட மீன் கடைக்குக் கூட்டிப்போயிருந்தால் தப்பித்திருப்பேன். "நானே சுடுறேன்" என்று வாயை விட்டுவிட்டேன். நாலு கெம்போங் மீன் (நம்ம கானாங்கெளுத்தி), கரி அடுப்பு, தீ நாக்கை நீட்டி எரிகிறது. இரண்டு நிமிடத்தில் மீன் கன்னங்கரேல். பிட்டால் முள்ளோரம் ரத்தம். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. "ரசம் இருக்காம்மா?" என்று மகளைக் கேட்டார், அவ்வளவுதான்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மக்சிக், பக்கத்து வீட்டு மலாய் அம்மா, எட்டிப் பார்த்து, "அப்பி பெசார், ஈக்கான் மெந்தா" என்று சிரித்தார். தீ பெரிசு, மீன் பச்சை. பிறகு அவரே வந்து கற்றுக்கொடுத்தார். கரி தணிந்து மேலே சாம்பல் பூக்கும்வரை மீனை வைக்கவே கூடாது. முள் வரைக்கும் கீறி, மஞ்சளும் உப்பும் புளியும் தடவி, முதலில் வெறும் மீனாகச் சுடவேண்டும். நுனி நசுக்கிய செராய்த் (எலுமிச்சைப்புல்) தண்டுதான் எண்ணெய் தொட்டுத் தடவும் தூரிகை. முக்கால்வாசி வெந்தபிறகே கெச்சாப்பும், சம்பல் என்கிற மிளகாய் விழுதும். கெச்சாப் மானிஸில் பாதி பனைவெல்லம், நெருப்பில் அது எவ்வளவு நேரம் தாங்கும்? சம்பலையும் பச்சையாகப் பூசாதீர்கள். பெலாச்சானை (புளிக்கவைத்த இறால் விழுது) சுட்டு, மிளகாய் வெங்காயத்தோடு அரைத்து, எண்ணெய் பிரியும்வரை வதக்கியது வேண்டும்.

பாலித் தீவின் ஜிம்பாரானில் ஆரம்பத்திலிருந்தே தடவித் தடவித்தானே சுடுகிறார்கள் என்று யாராவது வருவீர்கள். தெரியும். அவர்கள் தேங்காய் மட்டை நெருப்பில், கம்பிக் கிடுக்கியில் மீனை மாட்டி, கை ஓயாமல் திருப்புகிறவர்கள். நீங்களும் நானும் நடுவில் போன் பார்ப்போம். இன்னொரு கூட்டம், இரும்புத் தட்டில் வாழையிலை போட்டுச் சுடும் திருக்கையைப் "பாக்காரே இல்லை" என்னும். இருக்கட்டும், எனக்கு அதுதான் பிடிக்கும். முள் குத்தாது, சம்பல் இலையோடு கருகும் வாசனையும் வரும். திருக்கை மட்டும் பழசாக இருந்தால் மூத்திர நெடி அடிக்கும், எந்தச் சம்பலும் அதை மறைக்காது.

கடையில் சாப்பிடுங்கள் என்றும் சொல்ல மனம் வரவில்லை. பலகையில் பெரிய எழுத்தில் விலை, பக்கத்தில் எறும்பு சைசில் "100 கிராம்". ஒருமுறை இரண்டு பேருக்கு ஒரு சியாக்காப் கேட்டோம், கொடுவா மீன். ஒன்றரைக் கிலோவாம். எடை போட்டதை நான் பார்க்கவே இல்லை. இப்போதெல்லாம் நேரே போய்த் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். மனைவிக்கு அது மானக்கேடாம்.