சுனாமியில் இந்தியாவில் இறந்தவர்கள் 10,749 பேரா, 16,389 பேரா?

இரண்டும் ஒரே கணக்கிலிருந்து வந்தவைதான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இறந்ததாக உறுதி செய்யப்பட்டவர்கள் 10,749 பேர். காணாமல் போனவர்கள் 5,640 பேர். சிலர் முதல் எண்ணை மட்டும் சொல்கிறார்கள், சிலர் இரண்டையும் கூட்டிவிடுகிறார்கள்.

நாகப்பட்டினத்தில் உடல்கள் கிடைத்தன. ஆனால் அழுகத் தொடங்கியதால் பெரிய குழி வெட்டி ஒன்றாகப் புதைத்தார்கள். அடையாளம் சொல்ல ஆள் வருமுன்பே பல பிள்ளைகள் மண்ணுக்குள் போய்விட்டார்கள். அப்புறம் தேடி வந்த பெற்றோர் ‘காணவில்லை’ என்று எழுதிக் கொடுத்தால், அதே பிள்ளை இரண்டு பட்டியலிலும் ஏறிவிட வாய்ப்பு உண்டு.

நிக்கோபார் தீவுகளில் நிலைமை வேறு. கடல் ஊர்களையே வாரிக்கொண்டு போனது; எண்ணுவதற்கு உடலே இல்லை. காணாமல் போனவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தவர்கள்தான். அதனால் கூட்டிச் சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. இல்லாவிட்டால் அந்தத் தீவுகளின் இழப்பில் பெரும்பகுதி கணக்கிலேயே வராது.