இரு துருவம், ஒரே லைக்கனா?

கேள்வி: ஆர்க்டிக்கிலும் அன்டார்க்டிக்காவிலும் ஒரே லைக்கன் இனம் வளர்கிறதாமே, மரபணுவும் ஒன்றுதானா? கல்லூரி ஆய்வகத்தில் கல்பாசியை வைத்து இந்தச் சோதனையைப் பழகலாமா?
— வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர். அதில் செட்ராரியா அக்யூலியாட்டா என்ற இனம் இரு துருவங்களிலும் உண்டு. ஆனால் ஆர்க்டிக்கைவிட அன்டார்க்டிக்காவில் அதன் மரபணு வேறுபாடு மிகக் குறைவு. உள்ளே வாழும் பாசியோ துருவத்தில் ஒரு வகை, மத்தியதரைக்கடல் பக்கம் வேறு வகை. அதனால் பூஞ்சையையும் பாசியையும் தனித்தனியே படிக்க வேண்டும்.

கல்பாசியும் லைக்கன்தான், அதில் தாராளமாகப் பழகலாம். மளிகைக்கடைச் சரக்கு மட்டும் வேண்டாம். பல இனம் கலந்திருக்கும், பறித்த இடமும் தெரியாது. பறித்ததைக் காகித உறையில் உலர்த்துங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சணம் பிடித்து, அதன் டிஎன்ஏதான் வரும். நுண்ணோக்கியில் பார்த்துச் சுத்தமான நுனியை மட்டும் வெட்டி, அசிட்டோனில் அலசுங்கள். இல்லாவிட்டால் லைக்கன் அமிலங்கள், டிஎன்ஏவைப் பல பிரதிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கெடுக்கும். பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்தான் ப்ரைமர்கள். பூஞ்சைக்கு ஐடிஎஸ்1எஃப், ஐடிஎஸ்4 ப்ரைமர்கள். பாசிக்கு வேறு ஜோடி.