சார்ல்ஸ்டனுக்கு அப்பா அம்மாவைக் கூட்டி வருகிறீர்களா?

அமெரிக்காவில் சார்லட்டில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, அக்டோபரில் தஞ்சாவூரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஒரு சனி ஞாயிறு தென் கரோலினாவின் கடற்கரை ஊரான சார்ல்ஸ்டனுக்குக் கூட்டிப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, இருவரும் சைவம், "பழைய வீடுகளைத் தவிர அங்கே என்ன இருக்கிறது" என்று ஆபீசில் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கூட்டி வாருங்கள் தம்பி. மூன்றரை மணி நேரப் பயணம்தான். ஜூலை, ஆகஸ்டில் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், புழுக்கமும் கொசுவும் ஆளைத் தின்றுவிடும். அக்டோபரில் அந்தக் கவலை குறைவு.

ஒன்று மட்டும் கேளுங்கள். நேராக ரெயின்போ ரோவில் போய் இறங்காதீர்கள். ஈஸ்ட் பே தெருவில் வரிசையாகப் பதின்மூன்று வண்ண வீடுகள், நாலு போட்டோ, ஒரு ஐஸ்கிரீம், அத்தோடு ஊரைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறவர்கள்தான் உங்கள் ஆபீஸ்காரர்கள். இந்த ஊருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் வீடுகளைப் பாருங்கள். பணம் வந்தது நெல்லில். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

1670-ல் ஆங்கிலேயர் ஆஷ்லி ஆற்றின் மேற்குக் கரையில் குடியேறினார்கள். பத்து வருடத்தில் ஆஷ்லி, கூப்பர் என்ற இரண்டு ஆறுகளுக்கும் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இப்போதைய இடத்துக்கு ஊரை மாற்றினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நெல் வந்துவிட்டது. வந்த வெள்ளைக்காரர்களுக்கு நெல் சாகுபடி பழக்கமில்லை. செனகல், காம்பியா, சியரா லியோன் பக்கமிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பலருக்கோ அது பரம்பரைத் தொழில். சதுப்புக் காட்டை வெட்டி, மைல் கணக்கில் கரை எழுப்பி, ஆற்றோரம் வயல் ஆக்கினவர்கள் அவர்கள். தண்ணீர் பாய்ச்சிய விதம் அப்பாவுக்குப் பிடிக்கும். கடலில் ஓதம் ஏறும்போது ஆற்று நன்னீரும் கூடவே எழும்பும். அந்த நேரம் பார்த்து மர மதகைத் திறந்து வயலை நிரப்புவார்கள், ஓதம் இறங்கும்போது வடித்துவிடுவார்கள். ஏற்றம் இறைக்கவும் வேண்டாம், மழைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அந்தச் சேற்றில் மலேரியாவோடு நின்றவர்கள் அடிமைகள். முதலாளி குடும்பம் கோடை வந்ததும் காய்ச்சலுக்குப் பயந்து ஊருக்குள் வந்துவிடும். நாம் வாய்பிளந்து பார்க்கும் பெரிய வீடுகளில் பலவும் அப்படி வந்து தங்கக் கட்டியவைதான்.

இதைக் கண்ணால் பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். மிடில்டன் பிளேஸ் 1741-ல் தொடங்கிய தோட்டம், மாதிரி நெல்வயலும் உண்டு. அழகுதான், ஆனால் நடை அதிகம், அம்மாவுக்குச் சிரமம். ஜேம்ஸ் தீவிலுள்ள மெக்லியோட் பண்ணை சின்ன இடம். அங்கே விளைந்தது நெல் அல்ல, நீண்ட இழைப் பருத்தி. ஆனாலும் நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஓக் மரச் சாலையின் ஓரத்தில் அடிமைகளின் மரக்குடிசைகள் வரிசையாக அப்படியே நிற்கின்றன. வழிகாட்டி பெரிய வீட்டின் நாற்காலி மேசைக் கதையைச் சொல்லாமல் அந்தக் குடிசைகளின் கதையைச் சொல்வார். சில பண்ணைகளில் இன்னும் கல்யாணம் நடத்துகிறார்கள், எனக்கு அது ஒப்பவில்லை. பண்ணை, பண்ணையாள் என்றெல்லாம் கேட்டு வளர்ந்த ஊரிலிருந்து வருகிறவர்கள் நாம். மெக்லியோடில் நின்றால் நம்மூர் நினைப்பும் வரும், வரட்டும்.

அடுத்து சிட்டி மார்க்கெட். அடிமைகளை இங்கேதான் விற்றார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இங்கே விற்றது கறி, மீன், காய்கறி. மனிதர்களை ஏலம் போட்டது பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை ஒட்டிய தெருவில். 1856-ல் தெருவில் ஏலம் கூடாது என்று நகராட்சி தடை போட்டதும் வியாபாரம் சுவர்களுக்குள் போயிற்று. அப்படிப்பட்ட ஓர் இடம் சால்மர்ஸ் தெருவில் சிறிய மியூசியமாக இருக்கிறது.

மார்க்கெட்டில் அம்மாவைக் கூடை பின்னுகிறவர்கள் பக்கம் உட்கார வையுங்கள். கல்லா மக்கள் என்பார்கள், அந்த நெல் வயல்களில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள். ஸ்வீட்கிராஸ் என்ற புல்லைத் திரியாகத் திரட்டிச் சுற்றிச் சுற்றி அடுக்கி, பனை ஓலை போன்ற பால்மெட்டோ ஓலைக் கீற்றால் தைப்பார்கள். கையில் இருக்கும் கருவியைக் கவனியுங்கள். ஸ்பூனின் தலையை வெட்டியெறிந்துவிட்டு, காம்பைத் தேய்த்து வைத்திருப்பார்கள். அதனால் துளை போட்டு ஓலையை நுழைக்கிறார்கள். விற்பனைக்கு இருப்பவற்றில் அகலமாய், ஆழமில்லாமல் ஒன்று இருக்கும். அம்மா பார்த்ததும் முறம் என்பார்கள். முறமேதான். நெல் புடைக்க மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பின்னல், பண்ணையில் அதே வேலைக்குப் பயன்பட்டது, இன்றைக்கு வரவேற்பறைச் சுவரில் மாட்டுகிறார்கள். விலை நூற்றுக்கணக்கான டாலர். ஒரு கூடைக்கு எத்தனை நாள் வேலை என்று பார்த்தவர்கள் பேரம் பேசமாட்டார்கள். அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்!

அடிமைகளை ஏற்றிய கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையில் 2023-ல் ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாற்று மியூசியம் திறந்தார்கள். கட்டடம் தூண்களின் மேல் நிற்கும், கீழே தரையில் கப்பலில் அடுக்கப்பட்டதுபோல் கிடக்கும் மனித உருவங்களின் மேல் தண்ணீர் ஏறி வடியும். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள். காலூன் தெருவில் கறுப்பின மக்களின் மதர் இமானுவல் தேவாலயம் இருக்கிறது. 2015 ஜூன் 17 அன்று ஜெபத்தில் இருந்த ஒன்பது பேரை ஓர் இனவெறியன் சுட்டுக் கொன்றது அங்கேதான். அடிமை முறையை வாழ்நாளெல்லாம் ஆதரித்த அரசியல்வாதி காலூனின் பெயர் அந்தத் தெருவுக்கு. அவர் சிலையை மட்டும் 2020-ல் அகற்றினார்கள்.

இதற்கப்புறம் குதிரை வண்டி ஏறுங்கள், முழங்காலுக்கும் நல்லது. வண்டி எந்தத் தெருப்பக்கம் போக வேண்டும் என்பதை நகராட்சி குலுக்கல் போட்டுத்தான் முடிவு செய்யும், நாம் கேட்க முடியாது. குதிரை சிறுநீர் கழித்த இடத்தில் வண்டிக்காரர் ஓர் அடையாளம் போட்டுவிட்டுப் போவார், பின்னாலேயே கழுவுகிற வண்டி வரும். போகும்போது பழைய சுவர்களில் வட்டமான இரும்புத் தட்டுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்தில் பிளந்த வீடுகளை இரும்புக் கம்பி கொடுத்து இழுத்துக் கட்டியதன் முனைகள் அவை. பழைய செங்கல் கண்டால் கிட்டப் போய்ப் பாருங்கள். சுடுவதற்கு முன் ஈரக் களிமண்ணில் பதிந்த விரல் தடங்கள் சிலவற்றில் உண்டு, குழந்தைகளின் விரல்கள் உட்பட.

சம்டர் கோட்டைக்குப் படகில் போக வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு 1861 ஏப்ரல் 12 அன்று விழுந்த இடம். நேரமில்லையென்றால் விட்டுவிடலாம். பேட்டரி கடற்சுவரில் நின்றாலே தூரத்தில் தெரியும். அங்கே நின்றுகொண்டு ராபர்ட் ஸ்மால்ஸ் கதையைச் சொல்லுங்கள். 1862 மே 13 விடியுமுன், கேப்டனின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலப் படையின் கப்பலையே ஓட்டி, குடும்பத்தோடு அதே கோட்டையைத் தாண்டித் தப்பிய அடிமை. பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அப்பாவுக்கு ஒரு கொசுறு: அமெரிக்கச் சுதந்திரப் போரில் 1780-ல் பிரிட்டிஷார் இந்த ஊரை முற்றுகையிட்டுப் பிடித்தபின் அவர்களுடைய தெற்குப் படைக்குத் தலைமை தாங்கிய காரன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்கு வந்து திப்புவின் பிள்ளைகளைப் பிணையாகப் பிடித்தவர். சென்னைக் கோட்டை மியூசியத்தில் சிலையாக நிற்கிறார்.

சாப்பாட்டில் ஜாக்கிரதை. ரெட் ரைஸ் பார்க்கத் தக்காளி சாதம் மாதிரி இருக்கும், பேக்கன் போட்டிருப்பார்கள். காராமணி சேர்த்த ஹாப்பின் ஜான், கீரை, வெண்டைக்காய் சூப் எல்லாவற்றிலும் பன்றிக்கறி ஒளிந்திருக்கலாம். "இறைச்சி இல்லையே" என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தக் கொழுப்பில், எந்தச் சாற்றில் வேகவைத்தார்கள் என்றும் கேளுங்கள். தயிர் சாதம் கட்டிக்கொண்டு வருவது உத்தமம்.

கிளம்பும் முன் அந்த வார ஓத அட்டவணையைப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் மழையே இல்லாமல் கடல் தெருவுக்கு வரும். ஓதத்தின் உயரம் 7 அடிக்கு மேல் என்று போட்டிருந்தால் மார்க்கெட் பக்கம் தண்ணீர் நிற்கலாம். காரைத் தெருவில் விடாமல் பார்க்கிங் கராஜின் மேல் தளத்தில் நிறுத்துங்கள், உப்புத்தண்ணீரில் ஓட்டினால் அடியெல்லாம் துருப்பிடிக்கும். ஊருக்குள் சுற்ற டேஷ் என்ற பஸ் இலவசம்.