லாக் போட்டும் கணக்கு ஏன் குழம்புகிறது?

கேள்வி: விஷுவல் பேசிக் 6-இல் எழுதிய பழைய வரிக் கணக்கு டிஎல்எல் (பிற செயலிகள் அழைக்கும் நிரல் கோப்பு) ஒன்றை ஏஎஸ்பி டாட்நெட் கோர் செயலியில் பயன்படுத்துகிறோம். ஒரே ஆப்ஜெக்டைப் பொதுவில் வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கும் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரே நுழையும் பூட்டு) போட்டிருக்கிறோம். அப்படியும் ஒருவர் பில்லில் இன்னொருவர் தொகை வருகிறது. கூட்டம் கூடினால் எல்லாமே மெதுவாகிறது. ஏன்?

பதில்: லாக் போட்டது சரி, போட்ட இடம்தான் தவறு.

விபி6 (விஷுவல் பேசிக் 6) ஆப்ஜெக்ட் எஸ்டிஏ வகை, அதாவது ஒரே த்ரெட்டில் (நிரல் ஓடும் இழையில்) மட்டும் இயங்குவது. பிறந்த த்ரெட்டை விட்டு நகராது. உங்கள் வெப் செயலியின் த்ரெட்பூலோ (வேலைக்குக் காத்திருக்கும் த்ரெட்டுகளின் தொகுப்பு) எம்டிஏ, பல த்ரெட்டுகள் சேர்ந்து இயங்கும் வகை. ஆகவே 'காம்' (இந்த ஆப்ஜெக்டுகளை நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) தானே ஒரு எஸ்டிஏ த்ரெட்டைத் திறந்து, ஆப்ஜெக்டை அங்கே குடிவைத்து, உங்கள் கையில் ஒரு ப்ராக்ஸியை (அழைப்பைக் கடத்தும் பிரதிநிதியை) மட்டும் கொடுக்கிறது. எத்தனை பேர் வந்தாலும் அந்த ஒரு வாசலில்தான் வரிசை. மெதுவாவது இதனால்தான்.

தொகை மாறுவது வேறு கதை. விலையைக் கொடுப்பது ஓர் அழைப்பு, விகிதத்தைக் கொடுப்பது இன்னொன்று, கணக்கிடுவது மூன்றாவது. நடுவில் லாக்கைத் திறந்து மூடுவதால் அடுத்தவர் விலை உள்ளே புகுந்துவிடுகிறது. மூன்றையும் ஒரே லாக்குக்குள் வையுங்கள். அந்த வழி அடைபடும்.

ஆளுக்கொரு புது ஆப்ஜெக்ட் உருவாக்கினால் போதாதா? போதாது. விபி6 மாட்யூலில் உள்ள பொது மாறிகளுக்கு த்ரெட்டுக்கு ஒரு நகல்தான். ஒரே த்ரெட்டில் குடியிருக்கும் ஆப்ஜெக்டுகள் எல்லாம் அதைத்தான் பங்கு போடும். அப்படிப்பட்ட மாறி இல்லாத பழைய டிஎல்எல்லை நான் பார்த்தது அபூர்வம்!

வேகமும் வேண்டுமென்றால் நீங்களே இரண்டு மூன்று த்ரெட்டுகளை உருவாக்குங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எஸ்டிஏ என்று அமைத்துவிட வேண்டும். ஆப்ஜெக்டை அந்த த்ரெட்டுக்குள்ளேயே உருவாக்கி, பிளாக்கிங்கலெக்‌ஷன் என்ற டாட்நெட் வரிசையிலிருந்து வேலைகளை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வேலை என்றால் ஒரு முழுக் கணக்கு. விடை, காத்திருக்கும் கோரிக்கைக்கு டாஸ்க்கம்ப்ளீஷன்சோர்ஸ் வழியாகத் திரும்பட்டும். டாஸ்க்.ரன் இங்கே உதவாது, அது மறுபடி த்ரெட்பூலுக்கே போகும். வரிசைக்கு ஓர் உச்சவரம்பும் வையுங்கள். முதலில் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் இந்த டிஎல்எல்லின் த்ரெடிங்மாடல் 'அபார்ட்மெண்ட்' (எஸ்டிஏ) என்று இருக்கிறதா பாருங்கள். காலியாக இருந்தால் எல்லா ஆப்ஜெக்டும் ஒரே த்ரெட்டுக்குத்தான் போகும், இத்தனை உழைப்பும் வீண்.

அப்புறம், எம்எஸ்ஜிபாக்ஸ், அதாவது விபி6 காட்டும் செய்திப் பெட்டி. பிழை வந்ததும் சர்வரில் யாருக்கும் தெரியாமல் ஒரு பெட்டி திறக்கும், ஓகே அழுத்த ஆளிருக்காது, த்ரெட் அப்படியே நிற்கும். டாட்நெட் கோரில் த்ரெட்டை வலிந்து நிறுத்த வழியில்லை. டிஎல்எல்லின் மூலக்கோடு கையில் இருந்தால் பெட்டி திறக்காத 'அன்அட்டெண்டட் எக்ஸிகியூஷன்' தேர்வுடன் மறுபடி கம்பைல் செய்யுங்கள். இல்லையென்றால் டிஎல்எல்லைத் தனியொரு 32-பிட் ப்ராசஸில் ஓடவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அதை மட்டும் கொன்று திரும்பக் கிளப்பலாம்.